பல்லேடியத்துக்கு லோக்கல் ஹாலிடே

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஜெரால்டு கேட்டபோது, "என்ன எழுதறது, அறிவுரையா?" என்றேன். "அதெல்லாம் வேணாம் மேடம். அந்த ஏகாதசி கதையை எழுதுங்க, போதும்" என்றார். இன்று உங்கள் லேபின் தலைவராக நீங்கள் பார்க்கிற அதே ஜெரால்டுதான். தன் வாழ்க்கையின் மிக மோசமான வாரத்தைப் புதுப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுங்கள் என்று ஒருவர் தானாகக் கேட்கிறார் என்றால், அவர் எப்படிப்பட்டவர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பணி ஓய்வு பெறும்வரை இந்த நிறுவனத்தின் வெப்ப அளவீட்டுப் பிரிவை நான்தான் பார்த்துக்கொண்டேன். எது எவ்வளவு சூடாகிறது என்று அளந்து சொல்வது என் வேலை. யார் என்ன ரிசல்ட் கொண்டுவந்து நீட்டினாலும் "மறுபடி பாத்தீங்களா?" என்று கேட்பேன். அதனால் எனக்கு 'மறுபடி மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதன்முதலில் அது என் காதில் விழுந்தபோது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போகப் போகப் பிடித்துவிட்டது. என் பிரிவு உபசார விழாவில் பொன்னாடை போர்த்தியவர் மைக்கில் அந்தப் பெயரை உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான்தான் முதலில் கை தட்டினேன்.

குளிர் இணைவைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இதை உங்கள் வீட்டில் இருப்பவர்களும் படிக்கக்கூடும், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சூரியனுக்குள் அணுக்கள் ஒன்றோடொன்று இணைகின்றன, அதனால்தான் அது எரிகிறது. அதற்குக் கற்பனைக்கு எட்டாத சூடு வேண்டும். அதே இணைவு மேஜைமேல் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் நடக்கிறது என்று பல வருஷங்களுக்கு முன்னால் சிலர் சொன்னார்கள். கனநீர் என்ற ஒருவகைத் தண்ணீருக்குள் பல்லேடியம் என்ற உலோகக் கம்பியை வைத்து மின்சாரம் செலுத்தினால், செலுத்தியதைவிட அதிகமாகச் சூடு வெளியே வருகிறது என்றார்கள். ஊரெல்லாம் ஓடிப்போய்ச் செய்து பார்த்தது. சிலருக்கு வந்தது, பலருக்கு வரவில்லை. வந்தவர்களுக்கும் மறுபடி கூப்பிட்டபோது வரவில்லை. அதோடு அந்தப் பெயரே கெட்டுப்போனது. சமீப காலத்தில்தான் சில இடங்களில் சத்தம் போடாமல், இன்னும் கவனமாக, அதை மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள்.

எங்கள் அப்போதைய இயக்குநருக்கும் அந்த ஆசை வந்தது. ஆசைப்பட்டதில் தப்பில்லை. அந்த வேலைக்காக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்தான் ஜெரால்டு. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், அப்பா அங்கே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் ஆள் இவர். ஒப்பந்தத்தை வருஷா வருஷம் ஒரு கமிட்டி வந்து பார்த்து நீட்டிக்க வேண்டும். நான் சொல்லப்போகிற வருஷம் நீட்டிப்பு கிடைக்காவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் எந்த ஆராய்ச்சிக் கூடத்திலும் நுழைய முடியாது. லால்குடியில் அவருடைய மச்சான் ஒரு டியூஷன் சென்டர் நடத்திக்கொண்டிருந்தார். "எப்ப வர்றீங்க மாப்ள?" என்று வாராவாரம் போன் வரும். ஜெரால்டு அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார், ஆனால் அந்தப் போனை எடுக்க வெளியே போய்விடுவார்.

சோதனைக்கு இரண்டு குடுவைகள். ஒன்றில் கனநீரும் பல்லேடியமும். அதை 'நல்லது' என்போம். இன்னொன்றில் சாதாரணத் தண்ணீர். அதில் எந்த இணைவும் நடக்காது, நடக்கவும் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அது பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். புத்தகத்தில் அதற்குப் பெரிய பெயர் உண்டு. எங்கள் லேபில் அதற்குப் பெயர் 'சும்மா'. "நல்லதுல எவ்வளவு, சும்மாவுல எவ்வளவு" என்றுதான் பேசிக்கொள்வோம். சும்மா சூடானால் கோளாறு நம்மிடம் என்று அர்த்தம். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறோம்.

ஆயுத பூஜை அன்று சோதனையைத் தொடங்கினார்கள். இயக்குநர் ஸ்ரீரங்கத்துக்காரர், பெருமாள் திருநாமம் சொல்லாமல் காபிகூடக் குடிக்காதவர். "நல்லதை ஈசானிய மூலைல வையுங்கோ" என்று தானே இடம் காட்டி, ஸ்டாண்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். ஜெரால்டு தன் பங்குக்கு ஒரு சின்ன மாதா படத்தை அதே ஸ்டாண்டில் ஒட்டினார். அந்த மூலையில் இன்வெர்ட்டர் பிளக் இருந்தது. கரண்ட் போனாலும் நல்லது நிற்கக்கூடாது என்று அதை இன்வெர்ட்டரில் மாட்டினார்கள். சும்மாவை எதிர்ச்சுவரில் சாதாரணப் பிளக்கில் மாட்டினார்கள். சும்மாதானே, நின்றால் நிற்கட்டும். அன்றைக்கு எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது.

மார்கழி நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் ஜெரால்டு என் அறைக்கு மூச்சிரைக்க வந்தார்.

"மேடம், வந்துடுச்சு."

"என்ன வந்துச்சு?"

"சூடு. நல்லதுல மட்டும். சும்மா அப்படியே கிடக்கு."

கணினியில் வரைபடத்தைக் காட்டினார். காலையில் கோடு தரையோடு போனது. மதியத்துக்குமேல் மெல்ல ஏறி, மாலையில் இறங்கியது. "தண்ணியிலேர்ந்து பிரியற வாயு கம்பிக்குள்ள ஏறணும் மேடம், அதுக்கு நேரம் எடுக்கும். அதான் காலையில வரல, மத்தியானம் வருது" என்றார். பொருத்தமான விளக்கம்தான். படித்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கும் நம்பத் தோன்றியது, மறைப்பானேன். அத்தனை வருஷம் சூட்டை அளந்தவளுக்கு, யாரும் பார்க்காத சூடு ஒன்றைப் பார்க்கும் ஆசை இருக்காதா?

அடுத்த நாட்களிலும் அந்த மேடு வந்தது. இயக்குநர் குதூகலமாகிவிட்டார். கமிட்டியை உடனே வரச் சொல்லி ஏற்பாடு செய்தார். அறிக்கையில் வெப்ப அளவீட்டுப் பிரிவின் கையெழுத்து வேண்டும், அதாவது என் கையெழுத்து.

கையெழுத்துப் போடுவதற்கு முன், ஆரம்பித்த நாளிலிருந்து எல்லா நாள் வரைபடங்களையும் அச்சடித்து வரச் சொன்னேன். மேஜை போதாமல் தரையில் பரப்பினோம். மார்கழிக்கு முன் கோடு தட்டையாகவே போயிருந்தது, மார்கழியில் பெரும்பாலான நாட்களில் மதியம் மேடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லை.

"ஞாயித்துக்கிழமை ஏன் இல்ல?"

"காலையில பூசைக்குப் போயிட்டு வர்றதுக்கு லேட்டாயிடும் மேடம். தண்ணி அளவு கொஞ்சம் முன்னப் பின்ன ஆயிடும்."

சரி என்றேன். அப்புறம் ஒரு வார நாள் கண்ணில் பட்டது. அதிலும் கோடு படுத்துக் கிடந்தது. "இது என்ன?" என்றேன்.

ஜெரால்டு கொஞ்சம் தயங்கினார். "அன்னைக்கு கம்பிக்கு மூட் இல்ல மேடம்."

இந்தத் துறையில் எல்லா ஊரிலும் ஏதோ ஒரு பாஷையில் இந்தப் பேச்சு இருக்கும் என்று நினைக்கிறேன். கம்பி நல்ல கம்பி இல்லை, அன்றைக்கு ஒத்துவரவில்லை, நம்பாதவர் ஒருவர் அறையில் இருந்தார், அதனால் வரவில்லை. இது காதில் விழுந்தால் உங்கள் முதுகுத்தண்டு நிமிர வேண்டும்.

நான் தேதியைப் பார்த்தேன். அந்த நாளை நான் மறக்க வாய்ப்பே இல்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்குள் அன்று ஆட்டோகூட நுழைய முடியவில்லை. சொர்க்கவாசல் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கூடத்திலும் மொட்டைமாடியிலும் படுத்திருந்தார்கள், நான் நாளெல்லாம் அடுப்படியை விட்டு நகரவில்லை. வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், வைகுண்ட ஏகாதசிக்கு எங்கள் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. நிறுவனம் பூட்டியிருந்தது. ஜெரால்டு மட்டும் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வந்து சோதனையை ஓட்டியிருக்கிறார்.

"ஜெரால்டு, பல்லேடியத்துக்கு லோக்கல் ஹாலிடே உண்டா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "கிண்டல் பண்ணாதீங்க மேடம். இதுதான் என் வாழ்க்கை."

எனக்கும் சுருக்கென்றது. ஆனால் கேள்வியை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கனநீருக்கும் கம்பிக்கும் ஞாயிறு தெரியாது, ஏகாதசியும் தெரியாது. விடுமுறை தெரிந்த ஏதோ ஒன்று அந்த அறைக்குள் வந்து போகிறது. அது என்ன என்று தெரியாமல் என் பேனா மூடி திறக்காது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மதியம் நானே அந்த லேபில் போய் உட்கார்ந்தேன். திரையைப் பார்க்கக் கூடாது என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். வரைபடத்தைப் பார்த்தால் மனசு தானாகக் கதை கட்ட ஆரம்பித்துவிடும். காதை மட்டும் தீட்டிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் பக்கத்துக் கட்டடத்தில் பயிற்சி மாணவர்களுக்கு அந்த மாதம் புதிதாக வைத்திருந்த வெல்டிங் வகுப்பு தொடங்கியது. டியூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டியது. ஈசானிய மூலையில் இன்வெர்ட்டர் 'டிக்' என்றது.

கொஞ்ச நேரம் கழித்து ஜெரால்டு பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார், "மேடம், ஏறுது."

வெல்டிங் ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறது, இன்வெர்ட்டர் கையில் எடுத்துக்கொள்கிறது, நல்லது சூடாகிறது. விடுமுறை நாளில் வகுப்பு இல்லை. ஆனால் இது இன்னும் சந்தேகம்தான். சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருவரின் வேலையைக் கெடுக்கவும் கூடாது. அதற்கும் ஒரு சோதனை வேண்டும்.

"ரெண்டையும் இடம் மாத்திப் பாத்துடலாம்" என்றேன்.

ஜெரால்டு பதறிவிட்டார். "நல்லதைத் தொடாதீங்க மேடம். கரண்ட் ஒரு தடவை விட்டுச்சுன்னா ஏறின வாயு எல்லாம் வெளிய வந்துடும். இத்தனை மாசம் ஏத்தினது. நிஜமாவே அதுல ஏதாச்சும் இருந்தா, நாமளே கொன்ன மாதிரி ஆயிடும்."

அவர் சொன்னது சரி. இங்கேதான் உங்களை நிற்கச் சொல்கிறேன். சந்தேகப்படுகிறவருக்கு உடைக்கும் உரிமை கிடையாது. அவசரத்தில் நான் நல்லதைக் கழற்றியிருந்தால், சூடு நின்றது இன்வெர்ட்டரால் என்று நானும், கம்பி செத்ததால் என்று அவரும் சாகும்வரை சண்டை போட்டிருப்போம். வேறு வழி ஒன்று சொன்னேன், "நல்லது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். சும்மாவைக் கொண்டுவந்து அதே இன்வெர்ட்டர்ல மாட்டுங்க. அதுக்கும் அதே உபசாரம் நடக்கட்டும்."

இயக்குநருக்குச் செய்தி போய், அவர் வந்துவிட்டார். "ஏம்மா, நாளன்னிக்குக் கமிட்டி வர்றது. இப்பப் போய் இதைக் கிளப்பறேளே?"

"சும்மாவைத்தான் சார் தொடறோம். அது சூடாகலைன்னா நான் முதல் ஆளா கையெழுத்துப் போடறேன்."

"ஆயிடுத்துன்னா?"

ஜெரால்டு சும்மாவின் ஒயரை எடுத்துக்கொண்டு ஈசானிய மூலைக்குப் போனார். அவர் மாட்டமாட்டேன் என்றிருந்தால் யாரும் அவரைக் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது. மாதா படத்தை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாட்டினார்.

அடுத்த நாள் மதியம் வெல்டிங் வகுப்பு தொடங்கியது. டியூப்லைட் சிமிட்டியது. இன்வெர்ட்டர் 'டிக்' என்றது. நல்லது சூடானது. சும்மாவும் சூடானது.

ஜெரால்டு எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், சைக்கிள் ஸ்டாண்டில் தன் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அப்படியே ஏறிப் போய்விடுவார் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. நான் சொன்னது நிரூபணமானதில் ஒரு துளி சந்தோஷம்கூட இல்லை. ஆனால் அவர் போகவில்லை, திரும்பி உள்ளே வந்தார். முகம் கழுவியிருந்தார்.

"மேடம், தப்புன்னு தெரிஞ்சுடுச்சு. எப்படித் தப்பாச்சுன்னு தெரியல. அது தெரியாம நான் கமிட்டி முன்னாடி நிக்கமாட்டேன்."

என் பணிக்காலத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த வாக்கியம் அது. அதை எழுதும்போது இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது, அவரை நான் பெற்று வளர்த்ததுபோல.

மாலைக்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார். இன்வெர்ட்டரில் ஓடும்போது குடுவைக்குப் போகும் கரண்ட் சீராக இல்லை, வேகமாக நடுங்கியது. எங்கள் மீட்டர் சராசரியை மட்டும் பார்த்தது, நடுக்கத்தோடு உள்ளே போன மின்சாரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. உள்ளே போனதைக் குறைத்துக் காட்டினால், வெளியே வருவது அதிகமாகத்தானே தெரியும். நல்லதைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட அக்கறையே கோளாறாகியிருந்தது. ஒரு பிள்ளைக்கு நெய்யும் இன்னொன்றுக்கு மோரும் ஊற்றிவிட்டு, நெய் சாப்பிட்டவன் பிறவியிலேயே கொழுகொழு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இயக்குநர் கெட்டவர் அல்ல, ஆனால் பயந்துவிட்டார். "ஆய்வு தொடர்ந்து நடைபெறுகிறதுன்னு பொதுவா ஒரு வரி போட்டு அனுப்பிடலாமே" என்றார். "சும்மாவும் சூடான விஷயம் இப்ப எதுக்கு? நீட்டிப்பு வாங்கிண்டப்புறம் நிதானமா சொல்லிக்கலாம்." அவர் ஜெரால்டுக்காகத்தான் சொன்னார்.

"இல்ல சார், நானே சொல்லிடறேன்" என்றார் ஜெரால்டு.

கமிட்டித் தலைவர் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர். குளிர் இணைவு என்ற பேச்சை எடுத்தாலே வாயில் வேப்பிலை வைத்த மாதிரி முகம் போகும். இந்தத் திட்டத்தை மூடிவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. "என்னப்பா, சூடு வந்துடுச்சாமே?" என்றார், உதட்டோரம் கோணிய சிரிப்போடு.

ஜெரால்டு எழுந்தார். "சூடு வரல சார். வந்த மாதிரி இருந்துச்சு. எப்படி வந்த மாதிரி இருந்துச்சுன்னு உங்களுக்குச் செஞ்சே காட்டறேன்."

போனை எடுத்து வெல்டிங் வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட்டார். "சார், ஆரம்பிங்க." விளக்கு சிமிட்டியது, இன்வெர்ட்டர் சத்தம் கேட்டது, எல்லோரும் காத்திருந்தோம், திரையில் சாதாரணத் தண்ணீரின் கோடு ஏறியது. "நிறுத்துங்க சார்" என்றார் போனில். கோடு இறங்கியது. தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னொரு தடவை செய்ங்க" என்றார். ஜெரால்டு செய்தார். அது ஏறியது, இறங்கியது.

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். இந்த முறை அதில் கோணல் இல்லை. "குளிர் இணைவுல கூப்பிட்டவுடனே வந்து நின்ன முதல் சூடு இதுதான்யா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதைப் புடிச்சது யாரு?" என்று கேட்டார். ஜெரால்டு என்னைக் காட்டினார், நான் ஜெரால்டைக் காட்டினேன். இயக்குநர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, முதல் முறையாக அன்றைக்கு நிம்மதியாக மூச்சுவிட்டார்.

நீட்டிப்பு உடனே கிடைத்துவிடவில்லை. பல வாரம் தகவலே இல்லை. லால்குடியிலிருந்து போன் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் காவிரிப் பாலத்தில் என் பஸ் நெரிசலில் நின்றிருந்தபோது ஜெரால்டு அழைத்தார். ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டிருந்தது, ஆனால் வேலை மாறியிருந்தது. சூடு வந்ததாகச் சொல்கிற மற்ற ஆய்வுக்கூடங்களுக்குப் போய், அவர்கள் சோதனையை மறுபடி செய்து பார்ப்பதுதான் இனி அவர் வேலை. தன் தப்பைத் தானே பிடித்தவனிடம் அடுத்தவர்கள் வேலையை நம்பிக் கொடுக்கலாம் என்று தலைவர் எழுதியிருந்தாராம். பஸ்ஸில் எல்லோரும் பார்க்கும்படி நான் "அப்படிப் போடுங்க" என்றேன். திருவானைக்காவலில் இறங்க வேண்டிய அம்மா ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த வேலையிலிருந்துதான் இந்த லேப் உருவானது. இங்கே இரண்டு குடுவைகளுக்கும் ஒரே பிளக், ஒரே மீட்டர், ஒரே சந்தனம் குங்குமம். சும்மாவின் ஸ்டாண்டிலும் ஒரு மாதா படம் இருக்கிறது, பாருங்கள். அது பக்தி மட்டும் அல்ல, முறையும்கூட.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் போன மாதம் ஒன்று நடந்தது. ஜெரால்டு என்னை இங்கே கூப்பிட்டு ஒரு வரைபடத்தைக் காட்டினார். நல்லதின் கோடு லேசாக, மிக லேசாக ஏறியிருந்தது. சும்மா தரையோடு கிடந்தது. பிளக்கைக் கேட்டேன், ஒன்றுதான். மீட்டரைக் கேட்டேன், நடுக்கத்தையும் சேர்த்து அளப்பது. ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டேன், அன்றும் ஏறியிருந்தது. எனக்குத் தெரிந்த கேள்விகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டேன்.

"ஜெரால்டு, இது நிஜம்தான் போலிருக்கே" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எவ்வளவு மரியாதையாக, எவ்வளவு உறுதியாக அந்த மனிதர் என்னை மறுத்தார் தெரியுமா?

"மறுபடி பாக்கணும் மேடம்."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பும் கண்ணீருமாக இருந்தது. நான் அளந்த சூடுகளெல்லாம் ஆறிப்போயிருக்கும். அந்த ஒரு வார்த்தை என் கையைவிட்டுப் போய் இன்னொருவர் வாயில் உட்கார்ந்துவிட்டது, அது போதும்.

அந்த மறுபடியை ஓட்டப்போகிறவர்கள் நீங்கள். அதற்காகத்தான் உங்களை எடுத்திருக்கிறார்கள். சூடு வரலாம், வராமலும் போகலாம். எதுவாக இருந்தாலும் அதைச் சொல்லும் தைரியம் இந்த லேபில் ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் புதிதாகக் கொண்டுவர வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வருகிற வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே லீவு போட்டுவிட்டுப் பெருமாளைப் பார்க்கப் போகும். உங்களில் யாராவது ஒருவர் லேபுக்கு வந்துவிடுங்கள்.